இலந்தையின் நேர் முள்ளும் வளை முள்ளும்

அந்தக் காலத்தில் மரம், செடி, ஆடு, மாடு எல்லாமே வாய் திறந்து பேசும். பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். பொட்டல் காட்டுப் புதர்கள் அத்தனையும் ஒரே அச்சாக இருந்ததுதான் வம்பு. ஒரே இலை, ஒரே உயரம், எதிலும் ஒரு முள் கிடையாது. அவற்றில் ஒரு புதர் மட்டும் ஆளை விழுங்கும். அது எது என்று ஆடுகளுக்குத் தெரியும். ஆனால் ஆடு சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அங்கே ஒச்சாயி, விருமாயி என்று அக்காள் தங்கை இருவர் ஆடு மேய்த்தார்கள். ஒருநாள் உச்சி வெயிலில் சின்னவள் விருமாயிக்குத் தலை சுற்றியது. எங்கே படுக்க வைப்பது? எல்லா நிழலிலும் ஆட்டுப் புழுக்கை. ஒரே ஒரு புதரடி மட்டும் கூட்டிப் பெருக்கியதுபோலக் கிடந்தது.

"இங்க படுத்துக்கடி. நான் ஊத்துல தண்ணி மொண்டுட்டு வாரேன்" என்றாள் ஒச்சாயி.

"அங்க வேணாம் தாயி, நாங்களே அண்ட மாட்டோம்" என்றது கிழட்டு வெள்ளாடு ஒன்று.

"நீங்க அண்டாததாலதான் சுத்தமா இருக்கு. போ, போயி மேயி."

தண்ணீரோடு திரும்பியபோது தங்கையைக் காணோம். எல்லாப் புதரும் ஒரே அச்சு, எதனடியில் படுக்க வைத்தாள் என்றே பிடிபடவில்லை. காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை.

"விருமாயி!" என்று கூப்பிட்டாள்.

"என்னக்கா?" என்றது பக்கத்துப் புதர், தங்கையின் குரலிலேயே. "என்னக்கா?" என்றது அடுத்தது. கேட்ட குரலில் பேசி விளையாடுவது அந்தப் புதர்களின் வழக்கம். பொட்டல் முழுக்க விருமாயியின் குரல். சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஒச்சாயி குரலை நம்பாமல் தரையைப் பார்த்து நடந்தாள். புழுக்கை இல்லாத புதரடி வந்தது. அந்தப் புதர் மட்டும் பேசவே இல்லை. வாய் நிறைய வைத்துக்கொண்டு எப்படிப் பேசும்?

அதன் இலையைப் புரட்டினாள். மேலே பச்சை. அடியில் வெளிறிப்போன உள்ளங்கை, மூன்று ரேகையோடு. அது தங்கையின் கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிளையிலிருந்து ஒரு விரல் நேராக நீண்டது. அதுவும் விருமாயியின் விரல்தான். அக்காளின் நெஞ்சில் குத்தி, போய்விடு என்று தள்ளியது. அதே கணுவில் இன்னொன்று கொக்கியாக வளைந்து முளைத்தது. அது புதரின் விரல். சேலையைப் பிடித்து உள்ளே இழுத்தது.

சேலையைக் கிழித்துக்கொண்டு அவள் ஓடியிருக்கலாம். "ஓடு தாயி!" என்று வெள்ளாடுகூடக் கத்தியது.

"படுக்கச் சொன்னவ நானு. இவள விட்டுட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?"

நேர் விரல் நெஞ்சில் இறங்க இறங்க, ஒச்சாயி தானாகவே உள்ளே நடந்தாள். புதர் மூடிக்கொண்டது.

தனியாக வந்தவர்களைத் தின்று செரித்த புதருக்கு இவர்களைச் செரிக்க முடியவில்லை. உள்ளே இரண்டு பேரும் அவ்வளவு இறுகக் கட்டிக்கொண்டார்கள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்து, அத்தோடு அதற்கு வாயடைத்துப் போனது. மற்ற புதர்களும் பயந்து ஊமையாகிவிட்டன. வெள்ளாடுகள் மட்டும் பயத்தை விட்டு அதனிடம் போய், முன்னங்காலைத் தூக்கி நின்று, கிளைக்குள் முகத்தை விட்டுத் தேடின. இன்றும் தேடுகின்றன. இலை தின்கின்றன என்று நாம் நினைக்கிறோம்.

அந்தப் புதர்தான் இலந்தை. அன்று முதல்தான் அதற்குக் கணுவுக்குக் கணு இரண்டு முள், ஒன்று நேராக, ஒன்று வளைந்து. பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடாதீர்கள். கல்லால் தட்டி உடைத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு பருப்பு, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும்.