சூப் ஆறும்வரை கட்டியம்

ஆறுகள் அரை வருடம் கல்லாய் உறைந்து கிடக்கும் பனிநாடு ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. அந்நாட்டு மன்னருக்கு ஒருநாள் விருந்தில் நாக்கு வெந்துபோயிற்று. பீட்ரூட் சூப் அவ்வளவு சூடு.

"என் பாட்டனார் காலத்தில் இப்படி நடந்ததுண்டா? அவருடைய சூப்பை ஆறவைத்தது எது?" என்று கரண்டியை வீசினார் மன்னர்.

"கட்டியம், மகாராஜா," என்றான் சவேலி.

சவேலி அரண்மனை விகடன், கட்டியக்காரனும் அவனே. மன்னர் உணவில் கை வைக்குமுன், அவர் ஆளும் நாடுகளைக் கோலூன்றி நின்று அறிவிப்பது அவன் வீட்டாரின் உரிமை. ஏழு தலைமுறையாக அந்தப் பூர்ச்சமரக் கோல் அந்த வீட்டைவிட்டு அகன்றதில்லை. ஊரைச் சிரிக்கவைக்கிறவன்தான், ஆனால் அவன் முதுகு வளைந்து யாரும் கண்டதில்லை.

முதல் தலைமுறைக்கு ஒரே மூச்சில் வேலை முடிந்துவிடும். ஈராற்று மரக்கோட்டை ஒன்றுதான் நாடு. அதுவும் புல்வெளிக் குதிரைக்காரர்களுக்குத் திறை கட்டிய நாடு. பிறகு வந்த மன்னர் திறையை நிறுத்தினார். அவர் மகன் புல்வெளியையே பிடித்தார். மென்மயிர்த் தோல் தேடிப் போன வேட்டைக்காரர்கள் கிழக்கு மலையைத் தாண்டினார்கள். தோல் கிடைக்கக் கிடைக்க நாடு நீண்டது. கடல் குறுக்கிட்டும் நிற்காமல் அக்கரைக்கும் போனது. மேற்கே ஏரிநாடு சேர்ந்தது. சவேலியின் தந்தையார் கட்டியம் சொல்லி முடிப்பதற்குள் சூப்பின்மேல் ஆடை படிந்துவிடும். அதை விலக்கிவிட்டுக் குடிப்பதுதான் அவையோருக்குப் பெருமை. கிண்ணங்களை அதிரவைத்த அந்தக் குரல் சவேலியின் காதில் இன்னும் இருந்தது.

பின்னர் காலம் திரும்பிற்று. அக்கரை நிலத்தைக் காக்க ஆளில்லாமல் விற்றார்கள். தீவுநாட்டாருடன் நடந்த போரில் கப்பல்கள் மூழ்கின. ஏரிநாடு தனிக்கொடி ஏற்றியது, புல்வெளியும் போயிற்று. அயல்நாட்டார் சிரிக்கிறார்கள் என்று சொல்லி, போன நாடுகளின் பெயர்களைக் கட்டியத்திலிருந்து நீக்கவைத்தார் அமைச்சர் குஸ்மா. கட்டியம் சுருங்கியது. சூப் சுட்டது.

"எனக்கு அந்த ஆறிய சூப் வேண்டும்," என்றார் மன்னர்.

குஸ்மா முன்னே வந்தார். கட்டியக்கோலைத் தம் மைத்துனனுக்கு வாங்கித்தர வெகுநாளாகக் காத்திருந்தவர் அவர். "அப்படியே ஆகட்டும், மகாராஜா. நாளைய முடிசூட்டு நாள் விருந்துக்குப் பிரிந்த நாட்டுத் தூதர்களும் வருகிறார்கள். சவேலி பழைய கட்டியத்தை முழுதாகச் சொல்லட்டும். ஒரு பெயரும் விடக்கூடாது. ஒரு பொய்யும் கூடாது. தவறினால் கோலை வைத்துவிட்டுப் போகட்டும்."

"முடியுமா, சவேலி?"

"எங்கள் வீட்டில் பெயரை விட்டவரும் இல்லை, பொய் சொன்னவரும் இல்லை, மகாராஜா."

சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் உறைத்தது: போன நாடுகளின் பெயரை விட்டாலும் தவறு, அவற்றை ஆள்வதாகச் சொன்னாலும் பொய்.

வீட்டுக்கு வந்தவன் கோலை மூலையில் சாய்த்துவிட்டு, அதையே பார்த்தபடி உட்கார்ந்தான். மனைவி மார்ஃபா கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஒன்றுமில்லை," என்று பேச்சை மாற்றினான். "பக்கத்து வீட்டு வாத்து நம் வேலிக்குள் வந்ததே, அதை என்ன செய்தாய்?"

"கொண்டு விட்டேன்."

சவேலி நிமிர்ந்தான். "கொண்டுவிட்டாயா? அடுத்தவன் வாத்தையா? ஏழு தலைமுறை மானம் என்ன ஆவது?"

"அட, கொண்டுபோய் அவங்க வாசல்ல விட்டேன்னு சொல்றேன். உங்க மானத்துல ஒரு இறகுகூட உதிரலை."

சவேலி அவளை வைத்த கண் வாங்காமல் பார்த்தான். பிறகு இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தான்.

மறுநாள் விருந்து மண்டபத்தில் ஆவி பறக்கும் சூப் வந்தது. சவேலி கோலைத் தரையில் ஊன்றி, தந்தையாரின் பழைய மெட்டை எடுத்தான்.

"ஈராற்று மரக்கோட்டை ஆளும் எங்கள் கோவே,
பரந்த புல்வெளி கொண்டு விட்ட குலத்துக் கோவே,
ஏரிநாடு கொண்டு விட்ட குலத்துக் கோவே,
கடல் கடந்து அக்கரையும் கொண்டு விட்ட குலத்துக் கோவே..."

ஒவ்வொரு பெயராக எழுந்தது. எங்கோ மறந்துபோன சிற்றாறுகளும் எல்லைக் காவற்கோட்டைகளும்கூட அவைக்குத் திரும்பி வந்தன. படைவீரர்கள் கோப்பைகளைத் தட்டினார்கள். தூதர்கள் தலையசைத்தார்கள். முதிய தளபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கட்டியம் முடிந்ததும் குஸ்மா எழுந்தார். "பொய். ஏரிநாடு நம்மிடமா இருக்கிறது?"

ஏரிநாட்டுத் தூதர் வியந்தார். "இதில் பொய் எங்கே, அமைச்சரே? கொண்டார்கள், விட்டார்கள். நாங்களே சாட்சி."

குஸ்மா உடனே திரும்பினார். "அப்படியானால், நாட்டை விட்ட குலம் என்று மன்னரைப் பழிக்கிறான்."

"யார் பழித்தது?" என்றார் தளபதி. "கொண்டுவிட்ட குலம் என்றல்லவா சொன்னான். என் கால் ஒன்று அங்கேதானய்யா கிடக்கிறது."

மன்னர் மீசையைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "சவேலி, நீ சொன்னது எது?"

"நான் சொல்லை ஒன்றாகத்தான் கொடுத்தேன், மகாராஜா. அவரவர் தேவைக்குப் பிரித்துக்கொண்டார்கள், நாட்டைப் பிரித்துக்கொண்டது போலவே."

அடக்கிய சிரிப்பு வெடித்தது. மண்டபமே சேர்ந்து சிரித்தது. சிரித்து ஓய்ந்த மன்னர் கரண்டியை எடுத்தார். சூப்பின்மேல் ஆடை படிந்திருந்தது. அதை மெல்ல விலக்கி ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார். "பாட்டனார் காலத்து ருசி," என்றார்.

"கோல் உன் வீட்டிலேயே இருக்கட்டும். பரிசாக நிலம் கேள், தருகிறேன்."

"நிலம் வேண்டாம், மகாராஜா. கொண்டால் ஒருநாள் விடவேண்டி வரும்."

மன்னருக்கு மறுபடி சிரிப்பு வந்தது. குஸ்மாவின் மைத்துனனைச் சமையலறையில் சூப்பை ஊதி ஆற்றும் வேலைக்கு அமர்த்தினார். பிறகு தம் மென்மயிர் அங்கியைக் கழற்றி, தாமே சவேலிக்குப் போர்த்த வந்தார்.

அப்போதும் சவேலி முதுகை வளைக்கவில்லை. மன்னர்தான் எக்கி நின்று போர்த்தினார்.