முதல் துண்டு மட்டும்

பன்னிரண்டு மணிக்குள் செண்பகவல்லி பதில் சொல்லியாக வேண்டும். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அறையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைக்கிறாளா, இல்லையா? இல்லையென்றால் அறை வேறொருவருக்குப் போய்விடும். மணி பதினொன்றரை ஆகியும், இரண்டு வருடமாகத் தொழில் படித்த பட்டறையிலேயே திருப்புளியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குரு ரஹ்மத்நிஷா அவளைவிடப் பதினைந்து வயது இளையவள்.

"டீச்சர், இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போறேனே."

"என்ன படிக்க?"

"செத்துப்போன டிஸ்க்கிலிருந்து போட்டோ எடுக்கிறது. லேப்டாப் போர்டு. அப்புறம்..."

"போன மாசமும் மூணு சொன்னீங்க அக்கா. முடிச்சீங்களே."

"அதுக்குள்ள வேற மூணு வந்துடுச்சே!"

ரஹ்மத்நிஷா பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினாள். "இதைக் கிளப்புங்க."

பொத்தானை அமுக்கிய கையோடு செண்பகவல்லியின் விரல் டிலீட் விசைக்கு ஓடியது. கம்ப்யூட்டர் கிளம்புமுன் அதன் அமைப்புகளைச் சரிபார்க்கும் நீலத் திரை விரிந்தது. மெமரி சரி. மின்விசிறி சரி. எந்த டிஸ்க்கை முதலில் தேடுவது என்ற வரிசையும் சரி. மூடினாள். கம்ப்யூட்டர் முதலிலிருந்து ஆரம்பித்தது. வரிசையைச் சரியாகத்தான் பார்த்தோமா? விரல் மறுபடி டிலீட்டுக்குப் போனது. மறுபடி நீலத் திரை. மூடினாள். மூன்றாம் தடவை விரல் இறங்குவதற்குள் ரஹ்மத்நிஷா கீபோர்டு வயரைப் பிடுங்கிவிட்டாள்.

"ஐயோ டீச்சர்! கீபோர்டு இல்லைன்னு நின்னுடுமே!"

"நிக்காது. நிக்க வேண்டாம்னு நேத்து நீங்கதானே மாத்தி வச்சீங்க?"

செண்பகவல்லிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

"இப்ப அதுக்குள்ள யாரு வேலை பார்க்கிறது?" என்றாள் ரஹ்மத்நிஷா.

"பயாஸ். போர்டுல இருக்கிற அந்தச் சின்ன சிப்புல உள்ளது. அதுதான் முதல்ல முழிக்கும். மெமரி இருக்கா, திரை இருக்கா, டிஸ்க் இருக்கான்னு பார்க்கும்."

"டிஸ்க்குல உள்ளதை எல்லாம் படிச்சுப் பார்க்குமா?"

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்கு ஏது அவ்வளவு அறிவு? முதல் துண்டை மட்டும் எடுக்கும். மீதியை எப்படி எடுக்கிறதுன்னு அந்தத் துண்டுக்குத்தான் தெரியும். அதுகிட்ட வேலையை விட்டுடும்."

"உள்ளே என்னென்ன இருக்குன்னு தெரியாமலா?"

"தெரியாமத்தான்."

சொல்லிவிட்டு டீச்சரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். போன் அடித்தது.

"என்னக்கா, அறை வேணுமா வேண்டாமா?" அறைக்காரர் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "இங்க ஒருத்தர் சாவிக்கு நிக்கிறாரு."

செண்பகவல்லி போனை உள்ளங்கையால் பொத்தினாள். "டீச்சர், எனக்குத் தெரியாத கோளாறை யாராவது கொண்டுவந்தா?"

"கடையைத் திறந்தாத்தானே அக்கா கொண்டுவருவாங்க."