முப்பத்தெட்டு வரி

பாளையங்கோட்டையில் ஒரு குருவும் ஒரு சிஷ்யையும் இருந்தார்கள். குரு ஜெயசீலிக்கு வயது இருபத்தெட்டு. சிஷ்யை செங்கமலத்துக்கு ஐம்பத்திரண்டு. இந்தக் காலத்தில் குருகுலம் இப்படித்தான் நடக்கிறது.

இருவரும் வேலை பார்த்தது ஒரு கண் மருத்துவ அறக்கட்டளையில். கிராமத்து முகாம்களில் டாக்டர்கள் கண்ணைப் பரிசோதித்து, யார் யாருக்கு என்ன பவர் என்று தாளில் ஆளுக்கொரு வரியாக எழுதுவார்கள். அந்த எண்களைக் கணினியில் ஏற்றுவது இவர்கள் வேலை. இவர்கள் என்ன ஏற்றினார்களோ அதன்படி கண்ணாடி தயாராகிவிடும்.

பதினெட்டு வருஷமாகப் பெரிய கீபோர்டில் அடித்தவள் செங்கமலம். அதன் வலது ஓரத்தில் எண்களுக்கென்றே தனிக் கட்டம் உண்டு. வலது கையை அதில் வைத்தால் மடமடவென்று அடித்துத் தள்ளுவாள். இப்போது முகாமுக்கே தூக்கிக்கொண்டு போகலாம் என்று சின்ன லேப்டாப்புகள் வாங்கிவிட்டார்கள். அதில் அந்தக் கட்டம் இல்லை. எண்கள் மேல் வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிடந்தன.

வெள்ளிக்கிழமை பரீட்சை. அரை மணி நேரத்தில் நாற்பது வரி அடிப்பவருக்குத்தான் இனி வேலை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். செங்கமலம் தனியாள். இந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. பாவம், ஜெயசீலியிடம் ஓடினாள்.

"டீச்சர், இந்தக் குட்டி கீபோர்டுல நம்பரை எப்படி வெரசா அடிக்க?"

"ரெண்டு கையாலயும் அடிக்கணும்க்கா. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் இடது கை. மிச்சம் வலது கை. கீழ குனிஞ்சு பாக்கக் கூடாது."

நான்கு நாள் பயிற்சி நடந்தது. "மைனஸ் ரெண்டு பாயிண்ட் எழுபத்தஞ்சு" என்று ஜெயசீலி வாயால் சொன்னால், செங்கமலத்தின் விரல்கள் தடவாமல் போய் அடித்தன.

"கை வந்துட்டுக்கா," என்றாள் ஜெயசீலி. அவளுக்குப் பெருமைதான்.

ஆனால் தாளைப் பார்த்து அடிக்கச் சொன்னபோது இருபத்தாறு வரிதான் ஏறியது. அதிலும் ஒருவருடைய பவர் அடுத்தவர் பெயருக்கு நேரே உட்கார்ந்திருந்தது.

"வயசாயிட்டு டீச்சர். மண்டையில ஏற மாட்டேங்கு."

ஜெயசீலி இன்னொரு தாளைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை அவள் திரையைப் பார்க்கவில்லை, சிஷ்யையின் இடது கையைப் பார்த்தாள். ஓர் எண்ணை அடித்ததும் அந்தக் கை தாளுக்கு ஓடியது. தாளைத் தொடுவதற்குள் அடுத்த எண்ணுக்குத் திரும்பி ஓடி வந்தது.

"இடது கை எதுக்குக்கா தாளுக்குப் போகுது?"

"கெட்ட பழக்கம் டீச்சர். விட்டுருதேன்."

"எதுக்குன்னு கேட்டேன்."

செங்கமலம் யோசித்தாள். "முன்னால வலது கைதான அடிக்கும். இது சும்மா கெடக்கும்லா? அதான் எந்த வரியில நிக்கோம்னு விரலை வச்சுக்கிடுவேன்."

ஜெயசீலி தன் விரலை எடுத்துத் தாளில் முதல் வரியின்மேல் வைத்தாள்.

"இப்ப அடிங்க."

ஒவ்வொரு வரி முடிந்ததும் விரலைக் கீழே இறக்கினாள். அரை மணி நேரத்தில் நாற்பத்து மூன்று வரி. ஒரு பிழை இல்லை.

செங்கமலத்தின் முகம் மலர்ந்தது. உடனே வாடியும் போனது.

"நாளைக்கு நீங்க விரல் வைக்க முடியுமா டீச்சர்?"

"முடியாதுக்கா. நானும் பரீட்சை எழுதணும்."

"அப்ப நான் என்ன செய்ய?"

குரு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்து பட்டன் பட்டனாகப் பார்த்தாள். வலது பக்க எழுத்துப் பட்டன்களின் மூலையில் நீல நிறத்தில் பொடிப்பொடியாக எண்கள் அச்சாகியிருந்தன. இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்திவிட்டு அடித்துப் பார்த்தாள். எழுத்து விழ வேண்டிய இடத்தில் எண் விழுந்தது. பழைய கீபோர்டின் எண் கட்டம், கொஞ்சம் சாய்வாக, அங்கேயே இருந்தது. ஒரு வருஷமாக இதே லேப்டாப்பில் அடிக்கிறவள் அவள். ஒரு நாளும் அதைக் கவனித்ததில்லை.

"நாலு நாளா உங்க கையைத் திருத்திக்கிட்டு இருந்தேன்," என்றாள். "தப்பு எம்மேலதான்க்கா. இடது கையைத் தாள்லயே வைங்க."

மறுநாள் பரீட்சை. எல்லோருக்கும் ஒரே தாள், பெயர்களை முன்பே ஏற்றியாகிவிட்டது, பவர் மட்டும் அடிக்க வேண்டும். அரை மணி முடிந்ததும் மேனேஜர் எண்ணிப் பார்த்தார். ஜெயசீலி ஐம்பத்திரண்டு வரி. செங்கமலம் முப்பத்தெட்டு.

"ரெண்டு குறையுது," என்றார் மேனேஜர் ஜெயசீலியிடம். "எல்லாரும் ரெண்டு கையால அடிக்காங்க. இவங்க ஒத்தக் கையால அடிச்சா எப்படிப் பத்தும்? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

செங்கமலத்துக்குப் பதினெட்டு வருஷ வேலை இரண்டு வரியில் போகிறதே என்று இருந்தது.

ஜெயசீலி தாளை எடுத்து, இரண்டு பேருடைய திரைகளோடும் வரி வரியாக ஒத்துப் பார்த்தாள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை.

"இவங்க முப்பத்தெட்டும் சரி சார். நான் பதினொண்ணாவது வரிக்குப் பிறகு தாள்ல ஒரு வரியை விட்டுட்டேன்."

"ஒரு வரிதான? சேத்துக்கிடலாம்."

"நான் சொன்னதால தெரிஞ்சுது சார். சொல்லலைன்னா, அதுக்குக் கீழ நாப்பத்தொரு பேரும் அடுத்தவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நடப்பாங்க."

மேனேஜர் தாளை வாங்கிப் பதினொன்றாவது வரிக்குக் கீழே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து முகாமுக்குப் போகிறவர்கள் பட்டியலில் செங்கமலத்தின் பெயரை எழுதினார். அடுத்த வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"அப்ப உங்க பேரை?"

"அடுத்த வாரம் எழுதுங்க சார். அக்காகிட்ட விரல் வைக்கப் படிச்சிட்டு வாரேன்."