எலுமிச்சை நசுங்கிய வீடியோ

தண்ணீர் கேன் போடும் செல்லக்கனி வாங்கிய புது லோடு ஆட்டோ, மூன்று மாதத்தில் முப்பது நாள்கூட ஓடவில்லை. நுகர்வோர் நீதிமன்றத்தில் ஷோரூம் மேனேஜர் சந்திரமோகன் அடித்துச் சொன்னார்: "எங்ககிட்ட இருந்து போறப்ப வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. இந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியல."

செல்லக்கனி தலையாட்டினாள். "வண்டி மேல குறை இல்லாமலும் இருக்கலாம் ஐயா. அன்னிக்குச் சக்கரத்துல வச்ச எலுமிச்சம்பழம் சரியா நசுங்கலையோ என்னவோ."

மேனேஜருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மூணும் நசுங்கிச்சு! டெலிவரி வீடியோவே இருக்கு, பாருங்க!"

நீதிபதி பார்த்தார். மாலை போட்ட வண்டி மெல்ல நகர்ந்தது. மூன்று பழங்களும் நசுங்கின. பின்னால் நான்கு மெக்கானிக்குகள் மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் இத்தனை நாளும் பழத்தை மட்டுமே பார்த்திருந்தார்.

"பழத்து மேல தப்பில்லை ஐயா," என்றாள் செல்லக்கனி. "அந்த நாலு பேரையும் வண்டியோட சேர்த்துக் கொடுத்திருந்தா, நான் கேஸே போட்டிருக்க மாட்டேன்."