இடது சீட்டு

பெருமாள்மலை பிக்கப் ஸ்டாண்டுல ஒரு வழக்கம் இருக்கு. யாரு புதுசா வண்டி எடுத்தாலும், லோடோட முதல் தடவ மலையிலேருந்து பழனி ரோட்டுல எறங்கும்போது ஜெசிந்தாவ இடது சீட்டுல உக்கார வச்சுத்தான் எறங்குவாங்க.

ஜெசிந்தாவுக்கு நாப்பது வயசு இருக்கும். சொந்த பிக்கப், சொந்தமா ஓட்டுறாங்க. அவங்க வண்டி நடுவழியில நின்னு யாரும் பாத்ததில்ல. பேச்சும் கம்மி. அதனால ஸ்டாண்டுல அவங்களுக்கு குருவம்மான்னு பேரு. பேசாம இருக்கறவங்களுக்கு அந்தப் பேரு சீக்கிரம் கெடச்சிரும்.

மூக்கையா அவங்கள விட பத்துப் பன்னெண்டு வயசு மூத்தவரு. ரொம்ப வருஷம் தனியார் பஸ்ல கண்டக்டர். விசிலடிச்சு வண்டிய நிறுத்துறதுதான் தொழில். முதலாளி பஸ்ஸ வித்ததும், இவரு ஒரு பழைய பிக்கப்ப வாங்கிட்டாரு. அவரையும் ஜெசிந்தாதான் முதல் தடவ எறக்கி விட்டாங்க. நல்லாத்தான் எறங்கினாரு.

சித்திரையில ஒரு நாள் கேரட் லோடோட வரும்போது, ஒரு வளைவுல பின் டயர் வெடிச்சிருச்சு. தேஞ்சதுக்கு மேல புது ரப்பர் ஒட்டின ரீட்ரேட் டயர். வண்டி மண்மேட்டுல சாஞ்சு நின்னுச்சு. மூக்கையாவுக்கு ஒரு கீறல்கூட இல்ல. கேரட்டும் பாதிக்கு மேல தேறிருச்சு.

அன்னையிலேருந்து அவருக்கு வண்டியில சத்தம் கேக்க ஆரம்பிச்சிருச்சு.

நாலு டயரையும் புதுசா மாத்தினாரு. பிரேக் மாத்தினாரு. டீசல் ஃபில்டர் மாத்தினாரு. சத்தம் மட்டும் மாறல. கதவு ஆடினா நிறுத்துவாரு. சாக்கு நகந்தா நிறுத்துவாரு. எறங்கி டயர ஒரு உதை உதைப்பாரு, குனிஞ்சு அடியில பாப்பாரு, மறுபடி ஏறுவாரு. நடுவழியில டீசல் தீந்துருமோன்னு எந்த பங்க் வந்தாலும் உள்ள விட்டுருவாரு. அரை லிட்டர்தான் புடிக்கும். ஆயக்குடி பங்க்ல இருக்கிற பொண்ணு ஒரு நாள் கேட்டுச்சு. "ஐயா, நீங்க டீசல் போட வர்றீங்களா, என்னப் பாக்க வர்றீங்களா? எங்க அம்மா வேற கேக்குது."

இப்படி ஊர்ந்து ஊர்ந்து போயி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டு சேந்தா, கேரளா லாரி கெளம்பியிருக்கும். கேரட் அங்கயே கெடந்து வாடும்.

ஒரு நாள் காலையில மூக்கையா ஜெசிந்தாகிட்ட வந்தாரு.

"ஏம்மா ஜெசிந்தா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"சத்தமே போடாம ஓடுற வண்டின்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கே."

"எங்க?"

"வாங்க."

ஸ்டாண்டுக்குப் பின்னால கூட்டிட்டுப் போனாங்க. அங்க யாரோ எப்பவோ விட்டுட்டுப் போன பிக்கப் ஒண்ணு கெடந்துச்சு. சௌசௌக் கொடி கேபின்ல ஏறி, கண்ணாடி வழியா உள்ள பூந்து, அந்தப் பக்கமா வெளிய வந்திருந்துச்சு. ஸ்டியரிங் மேல ரெண்டு காய் தொங்குச்சு.

"இதான்ணே. ஒரு சத்தம் வராது. டயர் வெடிக்காது. டீசல் கேக்காது."

"பிரேக்கு?"

"பிடிச்ச எடத்துலயேதான் நிக்குது."

மூக்கையா வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு.

"ரெண்டு காய் பறிச்சுக்கவா?"

"பறிச்சுக்கங்க."

பறிச்சு வேட்டி மடிப்புல வச்சுக்கிட்டாரு. அப்புறம் மொகம் மாறிருச்சு.

"கிண்டல் பண்ணாத தாயி. இன்னைக்கும் லாரிய விட்டேன்னா நாளையிலேருந்து லோடு கெடயாதுன்னு மண்டிக்காரரு நாட்ராயன் கண்டிசனா சொல்லிட்டாரு. நானும் வித்துரலாம்னு முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் ஒருத்தன் வண்டி பாக்க வர்றான்."

"அவருகிட்ட வண்டியப் பத்தி என்ன சொல்லுவீங்க?"

"உள்ளதத்தான் சொல்லுவேன். நாலு டயரும் புதுசு. இஞ்சின் பொட்டு ஆயில் குடிக்காது. பிரேக்க காலால தொட்டா நிக்கும்."

"அவ்ளோ நல்ல வண்டியா? அப்ப நானே வாங்கிக்கிறேனே."

மூக்கையா மடியில இருந்த காயத் தடவிப் பாத்தாரு.

"சரி வாங்கண்ணே. இன்னைக்கு நான் இடது சீட்டுல வர்றேன்."

அவங்க ஏறி உக்காந்ததப் பாத்துட்டு ஸ்டாண்டுல ஒருத்தன் கத்தினான். "என்ன கண்டக்டரே, அரியர் எழுதப் போறீங்களா?"

"உனக்கு ஹால் டிக்கெட் இல்ல, போடா" அப்படின்னாரு மூக்கையா. ஆனா வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி கதவ ரெண்டு தடவ சாத்திப் பாத்தாரு.

பூம்பாறையில கேரட் மூட்ட ஏத்தி முடிச்சாங்க. மூக்கையா வண்டியச் சுத்தி வந்து நாலு டயரையும் ஒவ்வொண்ணா உதச்சாரு. ஜெசிந்தா ஸ்பானர எடுத்து ஒரு டயர லேசா தட்டினாங்க. கோயில் மணி மாதிரி கேட்டுச்சு.

"எவ்ளோ காத்து வச்சிருக்கீங்க?"

"கொஞ்சம் கூடத்தான்."

"எவ்ளோ கூட?"

"காத்துக் கடைக்காரன் மீட்டர் பாத்து வப்பான். நான் இன்னும் கொஞ்சம் வையின்னுவேன்."

"எதுக்கு?"

"காத்து பத்தாமத்தான் அன்னைக்கு வெடிச்சிருச்சோன்னு ஒரு சந்தேகம்."

"எந்தக் கடையில?"

மூக்கையா கொஞ்சம் யோசிச்சாரு. "வழியில இருக்கிற எல்லாக் கடையிலயும்."

ஜெசிந்தா உக்காந்து, டயர் வால்வு மூடியக் கழட்டி, சாவி நுனியால அழுத்தினாங்க. புஸ்ஸுன்னு காத்து வெளிய வந்துச்சு.

"ஏய், ஏய், என்னம்மா பண்ற! லோட ஏத்திட்டு காத்த எறக்குற! கொல்லப் பாக்குறியா?"

ஜெசிந்தா எந்திரிச்சு, காத்து பாக்குற மீட்டர அவரு கையில குடுத்தாங்க.

"நீங்களே எறக்குங்கண்ணே. இந்த லோடுக்கு எவ்ளோ வேணுமோ, முள்ளு அங்க வந்ததும் நிறுத்திருங்க."

மூக்கையா உக்காந்தாரு. முதல் டயர்ல கொஞ்சம் காத்த விட்டுட்டு மீட்டரப் பாத்தாரு. இன்னும் கூடத்தான் இருந்துச்சு. திரும்ப அழுத்தினாரு. நாலாவது டயருக்கு வரும்போது, காத்து போற சத்தத்தக் காது குடுத்துக் கேக்க ஆரம்பிச்சிட்டாரு.

"இவ்ளோவாம்மா உள்ள இருந்துச்சு?"

"நீங்க வச்சதுதான்."

வண்டி கெளம்புச்சு. நேத்து வரைக்கும் ஒரு சின்னக் கல்லு மேல ஏறினாலே வண்டி துள்ளும். அது துள்ள, மூட்ட துள்ளும், கதவு அடிச்சுக்கும், முன்னாடி ஒட்டின முருகன்கூட ஆடுவாரு. இன்னைக்கு வண்டி ரோட்டுல பதிஞ்சு உக்காந்துச்சு. மூக்கையாவுக்கு அது புடிபடல. ஏரியத் தாண்டினதும் ஓரமா நிறுத்திட்டாரு.

"என்னண்ணே?"

"சத்தம் வருதான்னு பாக்குறேன்."

"வருதா?"

"நிறுத்தினா எப்படி வரும்?"

"அதுவும் சரிதான்."

மறுபடி எடுத்தாரு.

பெருமாள்மலையில பழனி ரோடு பிரியுற எடத்துல ஜெசிந்தா துப்பட்டாவ மடிச்சு கண்ணாடி ஓரமா வச்சுக்கிட்டாங்க.

"நான் கொஞ்சம் கண்ண மூடுறேன்ணே."

"இந்த எறக்கத்துலயா? ஏம்மா, நான் உன்ன நம்பித்தான வர்றேன்!"

ஜெசிந்தா தலையச் சாச்சுட்டாங்க. ரெண்டு வளைவுக்குள்ள வாய் லேசா தொறந்துருச்சு. அப்புறம் ஒரு குறட்ட. மூக்கையா நல்லா உத்துப் பாத்தாரு. நடிக்கிறவங்க அந்த அளவுக்குக் குறட்ட விட மாட்டாங்க.

டயர் வெடிச்ச எடம் வந்துச்சு. மண்மேட்டுல புல்லு மொளச்சு அடையாளமே இல்ல. ஆனா மூக்கையா காலுக்கு அடையாளம் தெரிஞ்சுது, தானா பிரேக்குக்குப் போச்சு. செகண்ட் கியர்ல மெதுவா திரும்பினாரு. வண்டி திரும்புச்சு. அவ்ளோதான். அடுத்த வளைவு வந்துருச்சு.

அதுக்கப்புறம் கொஞ்ச தூரத்துல அந்தச் சத்தம் கேட்டுச்சு.

டொக். டொக். டொக்.

வழக்கமா கேக்குற மாதிரி இல்ல. அதெல்லாம் ஒண்ணா சேந்து சந்தக் கூட்டம் மாதிரி கேக்கும். இது தனியா கேட்டுச்சு. மெதுவாப் போனா மெதுவா அடிக்குது. கொஞ்சம் வேகமா விட்டா சேந்து அடிக்குது. பின்னால, இடது பக்கம்.

"ஜெசிந்தா" அப்படின்னாரு. குறட்டதான் வந்துச்சு.

கையத் தூக்கி எழுப்பப் போனாரு. அப்புறம் என்ன நெனச்சாரோ, கைய ஸ்டியரிங்க்கே கொண்டு வந்துட்டாரு. வளைவுல நிறுத்தாம, ரோடு அகலமா இருக்கிற எடம் வர்ற வரைக்கும் பிரேக்கத் தொட்டுத் தொட்டு எறக்கி, ஓரங்கட்டினாரு. கை பிரேக்கப் போட்டாரு. முன் டயருக்கு ஒரு கல்லு குடுத்தாரு. ஸ்பானர எடுத்துட்டுப் பின்னால போனாரு.

டயர உதைக்கல. உக்காந்து, இடது பக்க சக்கரத்து நட்ட ஒவ்வொண்ணா விரலால தொட்டாரு. ரெண்டு நட்டு கையிலயே சுத்துச்சு.

புது டயர் மாட்டினது அப்பத்தான் நெனப்புக்கு வந்துச்சு.

புது டயர் மாட்டினா, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நட்ட மறுபடி முறுக்கணும். வண்டிக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். காத்து வச்ச மூக்கையா, ஃபில்டர் மாத்தின மூக்கையா, பங்க் பங்க்கா ஏறி எறங்கின மூக்கையா அத மட்டும் மறந்துட்டாரு.

வேர்வயத் தொடச்சிட்டு ஸ்பானரப் போட்டாரு. எதிர் எதிர் நட்டா மாத்தி மாத்தி இறுக்கினாரு. இந்த சக்கரம் முடிஞ்சதும் மத்த மூணையும் பாத்தாரு. வலது பின்னால ஒண்ணு அரை சுத்து போச்சு. மத்ததெல்லாம் கெட்டியா இருந்துச்சு. டயருக்குக் குடுத்த கல்ல எடுத்து, பின்னால வர்றவன் மேல ஏத்திராம ரோட்ட விட்டுத் தள்ளிப் போட்டாரு.

கதவ சத்தமில்லாம சாத்திட்டு வண்டிய எடுத்தாரு.

டொக் இல்ல. காத கூர்மையாக்கிக் கேட்டாரு. இஞ்சின் சத்தம் கேட்டுச்சு. வண்டி வாங்கி இத்தன நாள்ல அத இன்னைக்குத்தான் தனியா கேக்குறாரு. பரவாயில்லாமத்தான் இருந்துச்சு.

பழனியத் தாண்டி ஆயக்குடி பங்க் வந்துச்சு. அந்தப் பொண்ணு இவரு வண்டியப் பாத்ததும் பைப்ப கையில எடுத்துருச்சு. மூக்கையா டீசல் முள்ளப் பாத்தாரு. பாதிக்கு மேல இருந்துச்சு. ஒரு ஆரன் அடிச்சிட்டுப் போயிட்டாரு. பொண்ணு பைப்போட நின்னு பாத்துச்சு.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல லாரி இன்னும் நின்னுச்சு. தார்ப்பாய ஒரு பக்கம் கட்டிட்டு, மறுபக்கத்துக்குக் கயிறு எறிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நாட்ராயன் வெத்தலயத் துப்பிட்டு ஓடி வந்தாரு.

"அடடே கண்டக்டரே! இன்னைக்கு ஸ்டாப்பிங்ல ஆளே இல்லீங்களா?"

"ஒரே ஒரு ஸ்டாப்பிங்தான்" அப்படின்னாரு மூக்கையா.

லோடுமேனுங்க மூட்டய மாத்தினாங்க. மூக்கையா நின்னு பாத்தாரு. கடைசி மூட்ட ஏறினதும் லாரி ஆரன் அடிச்சிட்டுக் கெளம்புச்சு. அது மார்க்கெட் வாசலத் தாண்டுற வரைக்கும் பாத்தாரு. அவரு கேரட்டு ஏறிப்போய் ரொம்ப நாளாச்சு.

"பாருங்க கண்டக்டரே" அப்படின்னாரு நாட்ராயன். "நாளைக்கு கேரட்டோட பீன்ஸும் சேத்து வருது. இதே நேரத்துக்கு வந்துருவீங்கன்னா தினமும் உங்களுக்குத்தான். இல்ல, வண்டிய விக்கிறதா கேள்விப்பட்டேன். அப்படின்னா இப்பவே சொல்லிருங்க. நான் வேற ஆளப் பாக்கணும்."

மூக்கையா வண்டியத் திரும்பிப் பாத்தாரு. ஜெசிந்தா அப்பத்தான் கண்ணக் கசக்கிட்டு எறங்கினாங்க. கன்னத்துல துப்பட்டா மடிப்பு பதிஞ்சிருந்துச்சு.

"வந்துட்டோமாண்ணே?"

"வந்துட்டோம்மா. லாரியும் கெளம்பிருச்சு. நம்ம லோடோட."

"நல்லது."

"நடுவுல நட்டு லூசாயிருச்சு. எறங்கி முறுக்கினேன்."

"அப்படியா? தெரியல."

மூக்கையா கிட்ட வந்து கொரலக் கொறச்சுக்கிட்டாரு.

"நாளையிலேருந்து தினமும் லோடு தர்றேன்னு சொல்றாரு. நான் இன்னும் பதில் சொல்லல. நாளைக்கும் நீ கூட வர்றியாம்மா?"

"எதுக்குண்ணே?"

"சும்மாதான். இன்னைக்கு மாதிரி இடது சீட்டுல உக்காந்தா போதும்."

ஜெசிந்தா ஒரு கொட்டாவி விட்டாங்க.

"தூங்கத்தானே? அதுக்கு எங்க வீட்லயே கட்டில் கெடக்குண்ணே."