அரசருக்குப் பதிலாக நடந்தவர்

முன்பொரு காலத்தில் ஆற்றங்கரை நாடொன்றை விசயகேசரி என்ற அரசர் ஆண்டு வந்தார். போர் ஓய்ந்து பத்தாண்டு ஆகியிருந்தது. அந்தப் பத்தாண்டும் அவர் பஞ்சணையை விட்டு இறங்கவில்லை என்றே சொல்லலாம். உடம்பு ஊதிவிட்டது. குனிந்தால் மூச்சு முட்டியது. படுத்தால் நெஞ்சை அடைத்ததால் மூன்று தலையணையில் சாய்ந்தபடியே உறங்கினார்.

"தினமும் ஒரு நாழிகை நடக்க வேண்டும், அரசே. இல்லையென்றால் அடுத்த மாரிக்காலத்தைத் தாங்கள் காண்பது அரிது" என்று அரண்மனை வைத்தியர் மாசிலாமணி கைகூப்பிச் சொன்னார்.

அரசருக்குப் பயம் வந்தது. ஆனால் பயத்தைவிடச் சோம்பல் பெரிதாக இருந்தது. "எனக்கு விசிற ஒருவன் இருக்கிறான், வெற்றிலை மடிக்க ஒருவன் இருக்கிறான். எனக்காக நடக்க ஒருவன் கிடைக்க மாட்டானா?" என்றார்.

அமைச்சர் புருடோத்தமர் சட்டென்று எழுந்தார். அவையின் விகடர் ஆதிமூலத்தின் மேல் அரசர் வைத்திருந்த பிரியம் அவரை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"ஆதிமூலத்தை விட்டால் யார், அரசே? ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாளும் தங்களுக்குப் பதிலாக அவர் நடக்கட்டும். தங்கள் உடல் தேறாவிட்டால் நாடு கடத்திவிடலாம். ஏய்க்காமல் இருக்க, தங்கள் கண்முன்னேதான் நடக்க வேண்டும் என்றும் ஓலையில் எழுதச் சொல்லுங்கள்."

அரசர் தலையாட்டினார். ஆதிமூலம் ஓலையை இரண்டு முறை வாசித்துவிட்டு, "உத்தரவு, அரசே" என்று வணங்கினார்.

மறுநாள் காலை அரசர் மாடத்தில் அமர்ந்து வேடிக்கை பார்த்தார். ஆதிமூலம் முற்றத்தில் விறுவிறுவென்று நடந்து, மாதுளைத் தோப்புக்குள் மறைந்தார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அரசே! தங்கள் திருக்கண் இங்கே வரவில்லையே! ஓலைப்படி இந்த நடை செல்லாதே!"

முணுமுணுத்துக்கொண்டே அரசர் பல்லக்கில் ஏறிப் பின்தொடர்ந்தார். அடுத்த நாள் ஆதிமூலம் வாய்க்கால் வரப்பில் இறங்கிவிட்டார். ஒற்றை ஆள் அகலமே இருந்த வரப்பில் பல்லக்கு எப்படிப் போகும்? அரசர் வைத்தியரின் தோளைப் பிடித்து இறங்கிப் பத்தடி வைத்தார்.

"நில்லும் ஐயா, நில்லும்!"

"நின்றால் அது நடையாகாதே, அரசே" என்றார் ஆதிமூலம். ஆனாலும் அரசர் மூச்சு வாங்கும்போதெல்லாம் தம் நடையைத் தளர்த்திக்கொண்டார்.

பத்தடி நூறடி ஆயிற்று. நூறடி வாய்க்கால் முழுவதும் ஆயிற்று. நடுவில் மழையைச் சாக்கிட்டு அரசர் மூன்று நாள் படுத்துக்கிடந்தார். நான்காம் நாள் முழங்கால் மடங்க மறுத்தது. அதன்பின் தூறலிலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "ஆதிமூலம், கிளம்பலாமா?" என்று அவரே வந்து நின்றார்.

ஒரு விடியலில் கண் விழித்தபோது தலையணைகள் மூன்றும் தரையில் கிடந்தன. இரவெல்லாம் மட்டமாகப் படுத்து உறங்கியிருக்கிறார்! மூச்சை ஆழ இழுத்தார். தடையில்லாமல் போய் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். கண்கள் நனைந்தன. யாரைக் கூப்பிட்டு இதைச் சொல்வதென்று தெரியாமல் அப்படியே கிடந்தார்.

மண்டலம் முடிந்த அன்று அவை கூடியது. அரசர் யார் கையையும் பிடிக்காமல் வந்து அமர்ந்தார். புருடோத்தமருக்கு முகம் சுண்டிவிட்டது.

"அரசே, ஓலையில் இருந்தது என்ன? ஆதிமூலம் நடக்க வேண்டும் என்று! இவரோ தங்களை நடக்க வைத்துவிட்டார். ஆணையை மீறியவருக்குத் தண்டனை உண்டு!"

"அரசரை நடக்கும்படி நான் ஒருநாளும் சொன்னதில்லையே" என்றார் ஆதிமூலம். "அரசரின் கண்முன்னே நடந்தேன். கண் வர வேண்டுமானால் காலும் வந்துதானே ஆக வேண்டும்? என்னை நடக்கச் சொன்னதோடு அமைச்சர் நிறுத்தியிருந்தால், நான் தனியாக நடந்து தனியாகவே நாடு கடந்திருப்பேன். 'கண்முன்னே' என்று சேர்த்தாரே, அந்த ஒரு சொல்தான் அரசரைப் பிழைக்க வைத்தது. அமைச்சர் பெருமானுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்!"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே படியிறங்கி வந்து, தம் முத்துமாலையைக் கழற்றி ஆதிமூலத்தின் கழுத்தில் போட்டார்.

"நீர் கொடுத்த மூச்சுக்கு இது ஈடில்லை, ஐயா" என்றார்.

பிறகு புருடோத்தமரின் பக்கம் திரும்பி, இடைக்கச்சைக்கு வெளியே பிதுங்கிய அவருடைய தொந்தியைச் சற்று நேரம் அக்கறையோடு பார்த்தார்.

"அமைச்சரே, உமக்கும் நான் நன்றி செய்ய வேண்டும். நாளை விடியலில் வாய்க்கால் கரைக்கு வந்துவிடும்."