மணி ஒரு நாள், நகரா ஒரு நாள்

முன்னொரு காலத்தில், கடலை ஒட்டிய ஒரு ராஜ்ஜியத்தில், ஒரு ராஜா சிரிப்பதையே விட்டுவிட்டார். அவருக்கு வேடிக்கை காட்டிப் பிழைத்தவன் விகடன் பெரியாண்டி. ராஜா சிரிக்காவிட்டால் அவனுக்கு அரண்மனையில் என்ன வேலை? ஆனாலும் அவன் ஒரு மூலையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவான். ராஜா ஏன் சிரிக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ராஜாவின் ஒரே மகன், இளவரசன் சேந்தன், படகு உடைந்து கடலில் போய்விட்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு சபையில் ‘கடல்’ என்ற சொல்லையே யாரும் சொல்லக்கூடாது என்று ஆணை. சமையற்காரர் உப்பைக்கூட ‘அந்த வெள்ளை’ என்றுதான் கேட்டு வாங்கினார். எங்கேயாவது சொல் நழுவிவிடுமோ என்று மந்திரிகள் வாயைப் பொத்திக்கொண்டே நடந்தார்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. யாருக்குச் சிரிப்பு வரும் சொல்லுங்கள்?

இந்தக் கதைக்கு அந்த ஊர்த் துறைமுகம் எப்படி என்று தெரிய வேண்டும். கடலிலிருந்து உள்ளே வரும் வழி குறுகல். இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் பாறை. வடகரையில் மாதா கோயில், தென்கரையில் பள்ளிவாசல். படகோட்டிகளில் பாதிப்பேர் அங்கே கும்பிடுகிறவர்கள், பாதிப்பேர் இங்கே தொழுகிறவர்கள். ஆனால் ஒரே படகில்தான் போவார்கள். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் பனி மூடிவிடும். தன் கை தனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் கோயிலில் மணி அடிப்பார்கள். பள்ளிவாசலில் நகரா என்ற பெரிய முரசை முழக்கித் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு சொல்வார்கள். கடைசிப் படகு கரை சேரும்வரை மணியையும் நிறுத்த மாட்டார்கள், நகராவையும் நிறுத்த மாட்டார்கள். வலது காதில் மணி, இடது காதில் நகரா, இரண்டும் சமமாகக் கேட்டால் படகு நடுவழியில் வருகிறது என்று அர்த்தம். பாட்டன் காலத்து வழக்கம்.

இது பிரதானி வீரபாகுவுக்குப் பொறுக்கவில்லை. ராஜாவுக்கு அடுத்தபடி அதிகாரம் அவருக்குத்தான். ஆனால் விடிகாலைத் தூக்கம்தான் அவருக்கு உயிர். “மகாராஜா, இரண்டு சத்தமும் சேர்ந்து ஊரைக் கெடுக்கின்றன. ஒரு நாள் மணி, மறுநாள் நகரா என்று முறை வைத்தால் இரு தரப்பாருக்கும் நியாயமாக இருக்கும்” என்று தேனாகப் பேசினார். ராஜாவும் நியாயம் என்ற சொல்லில் மயங்கி முத்திரை வைத்துவிட்டார். முறை மீறுகிறவன் கை போகும் என்று பிரதானி ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார். இது இளவரசன் சாவதற்கு முன் நடந்தது. அதை மனதில் வையுங்கள்.

இப்போது ராஜாவின் புதுப் பைத்தியத்துக்கு வருகிறேன். ஒருநாள் அவர் பள்ளிவாசலின் ஹசனா லெப்பையையும் கோயிலின் சவரிநாத சாமியாரையும் சபைக்கு அழைத்தார்.

“அன்று அந்தப் படகில் இருந்தவர்கள் இரண்டு பெயர்களைச் சொல்லிக் கதறினார்களாம். பிழைத்து வந்தவன் சொன்னான். லெப்பை அவர்களே, உங்கள் ஆண்டவனுக்கு மகன் உண்டா?”

“இல்லை மகாராஜா. அவனுக்குப் பிள்ளையும் இல்லை, பெற்றவரும் இல்லை. அவன் தனித்தவன்.”

“சாமியாரே, உங்களுக்கு?”

“உண்டு மகாராஜா. ஒரே மகன். எங்களுக்காக உயிரைக் கொடுத்தவர்.”

“அப்படியானால் இவர் வேறு, அவர் வேறு.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதறினார்கள். “வேறு யார் இருக்கிறார் மகாராஜா? வானத்தையும் மண்ணையும் படைத்தவன் ஒருவன்தான். இப்ராகீம் நபி தொழுதவன்” என்றார் லெப்பை. “ஆபிரகாம் கும்பிட்ட சர்வேசுரன் ஒருவர்தான். அதில் எங்களுக்குள் வழக்கே இல்லை” என்றார் சாமியார்.

“பிறகு எதில் வழக்கு?”

“அவனுக்கு மகனைச் சொல்கிறார்களே, அதில்” என்றார் லெப்பை.

“அவர் மகனைத் தெரியாதென்கிறார்களே, அதில்” என்றார் சாமியார்.

ராஜா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகப் பேசினார். “ஒருவர்தான் என்றால், அத்தனை பேர் கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டே சும்மா இருந்திருக்கிறார். இருவர் என்றால், நீ போ, நீ போ என்று ஒருவர்மேல் ஒருவர் சாட்டிவிட்டு இருந்துவிட்டார்கள். மகன் இல்லாதவருக்கு என் வலி தெரியாது. மகனைப் பறிகொடுத்தவர் எப்படி இன்னொருவன் மகனை விட்டார்? ஒருவரா, இருவரா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.”

பிரதானி இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். “மகாராஜா, ஒருவர் என்றால் அவருக்கு இரண்டு வீடு எதற்கு? இருவர் என்றால் ஒருவர் பொய். எப்படிப் பார்த்தாலும் ஒரு கட்டடம் மிச்சம். அதை இடித்து, அந்தக் கல்லில் இளவரசருக்கு ஒரு நினைவு மண்டபம் கட்டலாம். எதை இடிப்பது என்று நம் விகடர் சொல்லட்டும். எதற்கும் விடை வைத்திருப்பவர் அல்லவா?”

அடப்பாவி! பெரியாண்டி எதைச் சொன்னாலும் பாதி ஊர் அவனைக் கல்லால் அடிக்கும். சொல்லாவிட்டால் ராஜா விடமாட்டார். இளவரசன் சின்ன வயதில் பெரியாண்டியின் முதுகில்தான் யானை ஏறி விளையாடுவான். தன் முதுகில் ஒருநாளும் ஏறவில்லையே என்ற வயிற்றெரிச்சல் பிரதானிக்கு இன்னும் ஆறவில்லை.

“பௌர்ணமிக்குள் சொல்லும். தவறினால் உம்முடைய தலை” என்றார் ராஜா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பெரியாண்டி நேராகத் துறைமுகத்துக்குப் போனான். அந்தப் படகிலிருந்து பிழைத்து வந்தவன் நெய்னா. வலையும் தொடாமல் கரையில் குந்தியிருந்தான்.

“நெய்னா, அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?”

“என்னத்தச் சொல்ல மாமா. அன்னைக்கி மணி மட்டுந்தேன் அடிச்சுது. நகரா மொற இல்ல. கர இருக்குத திக்கு தெரியுது, வழி தெரியல. பனி விலகட்டும், நிப்போமுன்னு கூட வந்த தொம்மையும் சொன்னான், நானும் சொன்னேன். எளவரசத் தம்பிதான் கேக்கல. ‘எங்க அப்பா எனக்காக முழிச்சிக்கிட்டே இருப்பாரு, போங்க’ன்னுச்சு. தொம்மை மாதாவக் கூப்புட்டான். நான் அல்லாவக் கூப்புட்டேன். தம்பி அப்பாவக் கூப்புட்டுச்சு.” நெய்னா தலைப்பாகையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

“இத ஏன்டா ராசாகிட்ட சொல்லல?”

“எப்புடி மாமா சொல்லுவேன்? நீங்க வச்ச முத்திரதேன் ஒங்க புள்ளையக் கொன்னுச்சுன்னு சொல்லணும். நீங்களா இருந்தா சொல்லிருவீங்களா மாமா?”

பெரியாண்டி கணக்குப் போட்டுப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் இரண்டு கட்டடமும் நிற்கும், ஊர்ப் படகுகளும் பிழைக்கும். ஆனால் ராஜா உடைந்துபோவார். சொல்லாவிட்டால் ஒன்று இடிபடும். அப்புறம் எந்நாளும் ஒரே சத்தம்தான். இன்னும் எத்தனை அப்பன்மார் மகன்களைத் தேடிக் கரையில் நிற்பார்களோ! ராஜாவுக்கு உண்மை தெரியாமலே இரண்டையும் காப்பாற்ற வேண்டும். அன்று முழுக்க அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். போகும்போது நெய்னாவிடமும் சாமியாரிடமும் தனித்தனியே ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் சபையில், “மகாராஜா, விடை தயார். ஆனால் கேள்வி பிறந்த இடத்தில்தான் அதைச் சொல்ல முடியும். தாங்களும் பிரதானியாரும் என்னோடு வர வேண்டும்” என்றான்.

“எந்த இடம்?”

“பெயர் சொல்லத் தடை இருக்கிறது, மகாராஜா.”

ராஜாவின் முகம் வெளுத்தது. “வருகிறேன்” என்றார்.

விடிவதற்குச் சற்று முன், பனி இறங்கும் வேளையில், நெய்னாவின் படகில் நான்கு பேரும் துறையை விட்டு வெளியே போனார்கள். பிரதானி கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார். ராஜா தண்ணீரைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடியிருந்தார். வெளிச்சம் வந்தபோது சுற்றிலும் வெள்ளை. கரை எங்கே, வானம் எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, தென்கரைப் பக்கம் எங்கேயோ நகரா முழங்க ஆரம்பித்தது. அன்று நகராவின் முறை.

“கரைக்குத் திருப்பு” என்றார் பிரதானி.

நெய்னா துடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி சும்மா இருந்தான். “வழி தெரியல ஐயா.”

“சத்தம் கேட்கிறதே, அந்தப் பக்கம் போ!”

“அது கர இருக்குத திக்கு ஐயா. வழி இல்ல.”

அலை படகைத் தள்ளிக்கொண்டு போனது. பக்கத்தில் பாறையில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. பிறகு இன்னும் பக்கத்தில்.

“பிரதானியாரே, ஒன்று போதும் என்றீர்களே. ஒன்று கேட்கிறது, போகலாமா?” என்றான் பெரியாண்டி.

படகின் அடி எதிலோ கரகரவென்று உரசியது. பிரதானி நெய்னாவின் காலைக் கட்டிக்கொண்டார். “மணி! மணியை அடிக்கச் சொல்!”

“ஐயையோ, இன்று மணி அடித்தால் அடித்தவர் கை போகுமே! தாங்கள் எழுதிய வரி.”

இன்னொரு முறை உரசியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்து ராஜாவின் பாதத்தை நனைத்தது. ராஜா கண்ணைத் திறந்தார். “ஆண்டவனே!” என்று அலறினார். “அடிக்கச் சொல்! இரண்டையும் அடிக்கச் சொல்!”

பெரியாண்டி மடியிலிருந்த சங்கை எடுத்து ஊதினான். கோயிலில் இதற்காகவே காத்திருந்த சாமியார் மணிக்கயிற்றை இழுத்தார். வலது காதில் மணி, இடது காதில் நகரா. நெய்னா துடுப்பைப் பாறையில் ஊன்றிப் படகைத் தள்ளிவிட்டு, தலையைச் சாய்த்து இரண்டு காதாலும் கேட்டுக் கேட்டு வலித்தான். படகு நடுவழியில் நுழைந்து மணலில் ஏறியது.

பிரதானி மணலில் மல்லாந்து கிடந்தார். லெப்பையும் சாமியாரும் ஓடி வந்தார்கள்.

“மகாராஜா, வழக்கு முடிந்தது” என்றான் பெரியாண்டி. “சற்று முன் ஆண்டவனே என்று கூப்பிட்டீர்கள். ஒருவரைக் கூப்பிட்டீர்களா, இருவரையா?”

“அதை யோசிக்க நேரம் ஏது?”

“அந்தப் படகில் இருந்தவர்களுக்கும் நேரமில்லை. ஒருவரா இருவரா என்ற விசாரணை கரையில் இருப்பவர்களுடையது. லெப்பையும் சாமியாரும் சாகிறவரை பேசட்டும். எதை இடிப்பது என்றுதான் என்னைக் கேட்டீர்கள். இரண்டும் வேண்டும் என்று தங்கள் வாயாலேயே தீர்ப்பாகிவிட்டது. என் தலையை நான் எடுத்துக்கொண்டு போகலாமா?”

ராஜாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பின் ஆரம்பம். பெரியாண்டி மூச்சு விட்டான். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. ராஜா பனிக்குள் திரும்பிப் பார்த்தார். பிறகு நெய்னாவைப் பார்த்தார்.

“அன்று எது ஒலித்தது?”

பெரியாண்டி குறுக்கே விழுந்தான். “மகாராஜா, பிரதானியார் மல்லாந்து கிடக்கும் அழகைப் பார்த்தீர்களா? கரை ஒதுங்கிய திருக்கை மீன்…”

“விகடரே, உம்மைக் கேட்கவில்லை. நெய்னா, அன்று எது ஒலித்தது?”

நெய்னா பெரியாண்டியைப் பார்த்தான். ஆயுசு முழுக்க எதற்கும் மறுமொழி வைத்திருந்தவன் அன்று தலையைக் குனிந்துகொண்டான்.

“மணி, மகாராசா.”

“நகரா?”

“அன்னைக்கி அதோட மொற இல்ல.”

ராஜா சிரித்தார். உரக்கச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து சிரித்தார். ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் பெரியாண்டியின் தொழில். அன்றைக்கு அந்தச் சிரிப்பைக் கேட்க முடியாமல் அவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான்.

“ஆண்டவனுக்குக் காது இல்லை என்று அவரை வழக்குக்கு இழுத்தேன், விகடரே” என்றார் ராஜா. “என் பிள்ளைக்குப் பாதி வழியை அடைத்தவன் நான்.”

சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லெப்பை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு பேரும் ராஜாவின் இரண்டு பக்கத்திலும் ஈர மணலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

பிரதானியின் தலை போகும் என்று எல்லாரும் நினைத்தார்கள். “முத்திரை வைத்தது என் கை” என்று ராஜா அவரை விட்டுவிட்டார். ஆனால் விடிவதற்கு முன் எழுந்து, இரண்டு கரைக்கும் நடந்துபோய், மணி அடிப்பவரையும் நகரா முழக்குபவரையும் எழுப்பும் வேலை அவருக்குத்தான். இதைவிடக் கழுவில் ஏறியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. பெரியாண்டிக்கு ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். ராஜா கொடுத்தால் மறுக்கக்கூடாது என்பது முறை. அவன் வாங்கிக்கொண்டான், ஒருநாளும் அணியவில்லை.

பள்ளிவாசலும் நின்றது, மாதா கோயிலும் நின்றது. லெப்பையும் சாமியாரும் படைத்தவர் ஒருவரேதான் என்பதில் ஒத்துப்போவார்கள், மகன் பேச்சு வந்ததும் முறைத்துக்கொள்வார்கள். ராஜா அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை. பனிக்காலம் முழுக்க விடியற்காலையில் துறைக்கு வருவார். “எல்லாப் படகும் வந்துவிட்டதா?” என்று மட்டும் கேட்பார்.

“வந்துருச்சு மகாராசா” என்பான் நெய்னா.

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் அரண்மனைக்குத் திரும்புவார்.